ஒன்பது நாள் எண்ணிக்கை

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கு மைக்ராஸ்கோப்பை எப்படித் துடைப்பது, சாயம் எப்படி ஏற்றுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அதை நீங்கள் படிக்கப்போவதில்லை என்பதும் தெரியும், நானும் படித்ததில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரே வேலையைச் செய்துவிட்டு ஓய்வுபெற்றவள் என்பதால் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சாதித்ததைச் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். அதனால் தவறிய இடத்தைச் சொல்கிறேன்.

என் வேலை எண்ணுவது. சுண்டெலியின் சினைப்பையை மெல்லிய சீவல்களாக அறுத்து, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, அதில் எத்தனை முட்டைகள் மிஞ்சியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ண வேண்டும். எலியானாலும் மனுஷியானாலும் பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு முட்டைகள் பிறக்கும்போதே வந்துவிடுகின்றன. பிறகு குறையுமே தவிரக் கூடாது. புற்றுநோய்க்குக் கொடுக்கிற கீமோ மருந்துகளில் சில அந்த இருப்பையே அழித்துவிடும். செடிகொடிகளில் இருக்கிற ஃபிளேவனாய்டு என்ற பொருள் அதைக் காப்பாற்றுமா என்பதுதான் எங்கள் குழுவின் கேள்வி. ஏதோ அபூர்வ மூலிகை என்று நினைக்க வேண்டாம். வெங்காயத் தோலிலும் முருங்கைக்கீரையிலும் இருப்பதுதான். அதைப் பிரித்தெடுத்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் வரும், சமையல் மஞ்சள் அல்ல. அந்த மஞ்சள் தூளைக் கீமோவோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுப்போம். சில எலிகளுக்குக் கீமோ மட்டும். கடைசியில் என்னிடம் ஸ்லைடு வரும்.

எண்ணும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. பேசினால் எண் போய்விடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் தாழ்வாரத்தின் கோடியில் எனக்கு ஒரு தனி அறை கொடுத்தார்கள். டீ கொண்டு வருபவர்கூடக் கதவைத் தட்டாமல் வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார். ஆறியதைத்தான் குடித்திருக்கிறேன். வீட்டிலும் அதே கதைதான். பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த கணவர் காலமான பிறகு குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டில் நானும் தொலைக்காட்சியும். மகன் புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான், ஐந்து நிமிஷத்தில் இருவருக்கும் விஷயம் தீர்ந்துவிடும். என்னோடு வாய்விட்டுப் பேசிய ஒரே ஜீவன் ஹேமாதான்.

ஹேமா எங்கள் ஆய்வு உதவியாளர். தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அந்தத் தமிழிலும் தெலுங்கும் உருதுவும் தாராளமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆமாம், சரி என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு'. நான் எண்ணி முடித்துத் தொகையைச் சொல்வேன், அவள் நோட்டில் எழுதுவாள். மற்ற நேரத்தில் வாயை மூட மாட்டாள். மாமியார், மெட்ரோக் கூட்டம், அமீர்பேட்டில் வாங்கிய சுடிதார் எல்லாமே எனக்குத் தெரியும். கல்யாணமாகி நான்கு வருஷமாகக் குழந்தை இல்லை என்பதும் தெரியும். அதை மட்டும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருஷங்களில் எங்கள் முடிவுகள் பிரமாதமாக வந்தன. மஞ்சள் தூள் கொடுத்த எலிகளில் முட்டைகள் நிறைய மிஞ்சியிருந்தன. எண்ணியவள் நான். திட்டத் தலைவர் ரொம்பக் கறாரான மனிதர், என்னிடம் பத்து வருஷத்தில் பத்து வார்த்தை பேசியிருப்பார். அவரே அறைவரை வந்து தெலுங்கில் பாராட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் மதியம் ஹேமா ஒரு ஃபைலோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மார்பில் கட்டி, புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. முப்பத்துமூன்று வயது. கீமோ போட வேண்டும்.

"என்ன மருந்து தெரியுமா மேடம்? நம்ம எலிங்களுக்குப் போடறோமே, அதேதான்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் நல்லவர். கீமோ தொடங்கினால் பிறகு குழந்தை பிறப்பது கஷ்டமாகலாம் என்று மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வேண்டுமென்றால் முட்டைகளை முன்னதாகவே எடுத்து உறையவைத்துப் பாதுகாக்கலாம். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் தினமும் ஹார்மோன் ஊசி போட வேண்டும். அதற்காக மூன்று வாரம்வரை கீமோவைத் தள்ளிவைக்கலாம், அதற்குமேல் முடியாது. ஹேமாவுக்கு ஹார்மோன் என்றாலே பயம். கட்டி வளர்ந்துவிடுமோ என்று கேட்டால், அதற்கும் சேர்த்து மாத்திரை தருவோம் என்று டாக்டர் சொன்னாராம், ஆனாலும் பயம் போகவில்லை. நாள் கடத்தாதே என்கிறார் மாமியார். உன் இஷ்டம் என்கிறார் கணவர்.

"ஒண்ணு கேக்கறேன் மேடம். பொய் சொல்லக் கூடாது, ஹவ்?"

"கேளும்மா."

"நம்ம டேட்டாவ நம்பலாமா? அந்தத் தூளு இப்ப கடையில மாத்திரையா கிடைக்குது. அத சாப்டா எனக்கு உள்ள இருக்கறது நிக்கும் இல்ல? அப்ப இந்த ஊசிலாம் கைக்கு?"

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"கேட்டா நக்கோன்னுதான் சொல்வாரு. கீமோ போடறப்ப வேற எதுவும் வாயில போடக் கூடாதாம். கேன்சரையும் அது காப்பாத்திடுமாம். நான் உங்களக் கேக்கறேன். நீங்க எண்ணினது இல்ல?"

எலியில் நம்பலாம் என்றேன். 'எலியில்' என்பதை மெதுவாகவும் 'நம்பலாம்' என்பதைச் சத்தமாகவும் சொன்னேன். பாராட்டு வாங்கிய ஜோர் இன்னும் இறங்காத சமயம். அதோடு விட்டிருக்கலாம். வா, உனக்கே காட்டுகிறேன் என்று ஒரு ஸ்லைடை எடுத்தேன்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். எந்த எலிக்கு என்ன கொடுத்தது என்பது எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஒரு பக்கமாகச் சாயும். அதனால் அறுக்கும்போது ஸ்லைடின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதும் வரிசை எண்ணை மறைத்து, வேறு பிரிவில் ஒருவர் ரகசியக் குறியீட்டுடன் சீட்டு ஒட்டித் தருவார். குறியீட்டுப் பட்டியல் தலைவரின் பீரோவில் பூட்டியிருக்கும். எல்லாம் சரிதான். ஆனால் ஸ்லைடு கண்ணாடி. சீட்டு மேல்பக்கம் மட்டுமே ஒட்டியிருந்தது. எனக்கோ சீவல் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு ஸ்லைடையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிற பழக்கம்.

அன்றைக்கும் தூக்கிப் பார்த்தேன். பின்பக்கத்தில், கண்ணாடிக்குள்ளிருந்து, என் கையெழுத்தில் இடவலம் மாறி நாற்பத்தொன்று என்று தெரிந்தது. நாற்பத்தொன்றாம் எலி மஞ்சள் தூள் கூண்டைச் சேர்ந்தது. அறுத்தவளே நான்தானே, எனக்கு மனப்பாடம். எத்தனை மாதமாக இப்படித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

நான் பொய்க்கணக்கு எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால்கூடக் கதை எளிது. முட்டையின் நடுவே கரு தெரிந்தால்தான் எண்ண வேண்டும் என்பது விதி. பாதி தெரிந்து பாதி தெரியாத முட்டைகள் எல்லா ஸ்லைடிலும் இருக்கும். அந்த இடத்தில் சேர்ப்பதா விடுவதா என்று மனசுதான் தீர்ப்பு சொல்கிறது. என் மனசு மஞ்சள் தூளின் கட்சி. எனக்கே தெரியாமல் எத்தனை இடத்தில் சாய்ந்தேனோ!

ஹேமா அதற்குள் என் கையிலிருந்து ஸ்லைடை வாங்கி வைத்து மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்துவிட்டாள்.

"அம்மாடி, எவ்ளோ இருக்கு மேடம்! சின்னச் சின்னதா, எவ்ளோ அழகா இருக்கு."

நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "அப்ப ஊசி நக்கோ. இன்னைக்கே சொல்லிடறேன்" என்று ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தாழ்வாரம் முழுக்க அவள் செருப்புச் சத்தம் கேட்டது. கூப்பிட்டு நிறுத்த எனக்கு நேரம் இருந்தது.

ஏன் கூப்பிடவில்லை? வெட்கம் ஒரு காரணம், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அதைவிட எனக்கு நியாயமாகப் பட்டது வேறொன்று. சந்தேகம்தானே, இன்னும் நிச்சயமில்லையே. ஒருவேளை மறுபடி எண்ணினாலும் அதே தொகை வந்தால்? நோயாளியை அநாவசியமாகக் கலங்கடிப்பானேன்? மூன்று வாரம் அவகாசம் இருக்கிறது. முதலில் எண்ணி முடிப்போம், தெரிந்ததைத் தெளிவாகச் சொல்வோம். விஞ்ஞானிக்கு அழகு அதுதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சீட்டெல்லாம் உரிகிறது என்று ஒரு சாக்கு சொல்லி, பக்கத்துப் பிரிவு அம்மாளிடம் ஸ்லைடுகளைக் கொடுத்தேன். பின்பக்கம் கறுப்பு டேப் ஒட்டிப் புதுக் குறியீடு போட்டுத் தந்தார். எண்ணத் தொடங்கினேன். ஹேமா பரிசோதனைகளுக்காக விடுப்பில் இருந்தாள். எண்ணுவதும் நான், எழுதுவதும் நான். ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் எண்ணினால் கண் பொய் சொல்லும், அவசரப்படுத்த முடியாது. எதிர் நாற்காலி காலியாக இருந்ததால் தொகை வந்ததும் காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிறகு நானே குனிந்து எழுதினேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போன நாட்களும் உண்டு.

நான்காம் நாள் ஹேமா கூப்பிட்டாள். நான் ஒரு ஸ்லைடின் நடுவில் இருந்தேன்.

"மேடம், சாப்டீங்களா? டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

"எண்ணிட்டிருக்கேம்மா. நம்பர் போயிடும். அப்புறம் நானே கூப்பிடறேன்."

"சரி மேடம், எண்ணுங்க எண்ணுங்க" என்று அவசரமாக வைத்துவிட்டாள். எங்கள் வேலை தெரிந்தவள் ஆயிற்றே. நான் திரும்பக் கூப்பிடவில்லை. எண்ணி முடிக்காமல் அவள் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் கடைசி ஸ்லைடு முடிந்தது. அந்த அம்மாளிடம் குறியீட்டுப் பட்டியலை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். மஞ்சள் தூள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஏதோ கொஞ்சம் காப்பாற்றியிருந்தது. ஆனால் நாங்கள் கொண்டாடிய அந்தப் பெரிய வித்தியாசத்தில் முக்கால்வாசி என் கண்ணிலிருந்து வந்தது. ஒரு பெண் அதை நம்பி முட்டைகளைக் கைவிடலாமா என்றால், கூடாது. நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஹேமா வீட்டுக்கு மெட்ரோ ஏறினேன். அமீர்பேட்டில் மாறும்போது அந்தக் கும்பலில் ஒருவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்காமல் ஓடினேன்.

ரயில்வே காலனியில் ஹேமாவே கதவைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. புறங்கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. உள்ளே கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

"முந்தாநாள் ஃபர்ஸ்ட் கீமோ ஆயிடுச்சு மேடம். டேட் சொல்லத்தான் அன்னைக்குக் கூப்ட்டேன். ஊசி வேணாம்னு சொல்லிட்டோம் இல்ல, அப்பறம் எதுக்கு வெயிட் பண்ணணும்னு டாக்டர் சீக்கிரமே டேட் குடுத்துட்டாரு."

அந்த மூன்று வாரம் கீமோவுக்கான அவகாசம் அல்ல, முட்டை எடுப்பதற்கான அவகாசம். முட்டை வேண்டாம் என்றதும் அதுவும் போயிற்று. சின்னக் குழந்தைக்குப் புரிகிற கணக்கு, எனக்குப் புரியவில்லை. அங்கேயே, கதவுப் பக்கத்திலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் எழுத்து, ஜன்னல், மறுபடி எண்ணியது, கறுப்பு டேப் எல்லாம்.

"எப்ப தெரிஞ்சுது மேடம்?"

"அன்னைக்கே. நீ மைக்ராஸ்கோப்ல பாத்துட்டிருக்கும்போதே."

கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் பயந்திருப்பேன் மேடம். பயந்திருந்தா போய் ஊசி போட்டிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். கீமோவுக்கு முன்னால் நான்கைந்து நாள் சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். நான் அழுதேன். அவள்தான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த நிலைமையில் அவளை எழுந்திருக்க வைத்தேன் என்பதும் இன்றுவரை உறுத்துகிறது.

மறுநாள் தலைவரிடம் போய் ஹேமா விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரை அனுப்பத் தயாராக இருந்தது, மதிப்பீட்டுக் கூட்டத்தில் அவர் பேசுவதாகவும் இருந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நோட்டைக் கடைசிவரை புரட்டிவிட்டு, "ஆ அம்மாயிகி எப்புடு செப்பாரு?" என்றார். அந்தப் பெண்ணிடம் எப்போது சொன்னீர்கள் என்று கேட்கிறார். நேற்று என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தன்னிடம் ஒரு வருஷம் கழித்துச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது, கட்டுரைதானே, திருத்திக்கொள்ளலாம். அந்தப் பெண்ணிடம் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும் என்றார். தெலுங்கில், மெதுவாக, மரியாதை குறையாமல் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டத்தில் அவரே எழுந்து அந்த முடிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். என் பெயரை எடுக்கவில்லை.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நிச்சயமாகத் தெரியும்வரை வாயைத் திறக்காதே என்று உங்களுக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்திருக்கும். கட்டுரைக்கு அது சரி. உங்கள் எண்ணிக்கையை நம்பி ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சந்தேகத்தையே சொல்லிவிட வேண்டும், அரைகுறையாக, அசிங்கமாக, வாய் குழறினாலும் சரி. சந்தேகமும் அவருக்குச் சேர வேண்டிய தகவல்தான். எண்ணிப் பார்க்கப் பிறகு நேரம் இருக்கும். ஊசி போட்டிருந்தாலும் முட்டை கிடைத்திருக்கும் என்று என்ன நிச்சயம், கிடைத்தாலும் குழந்தையாகியிருக்கும் என்று என்ன நிச்சயம் என்று என்னைத் தேற்றியவர்கள் உண்டு. நீங்களும் தேற்ற வராதீர்கள். நிச்சயம், நிச்சயம் என்றுதான் நான் ஒன்பது நாளைத் தின்றேன்.

ஹேமா பிழைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சையும் முடிந்து, ஒரு வருஷம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முடி குட்டையாகச் சுருள் சுருளாக முளைத்திருந்தது. பையை ஆணியில் மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "டெஸ்ட் பண்ணிட்டாங்க மேடம். இனிமே மாசாமாசம் வராதாம். உள்ள ஒண்ணும் இல்லியாம்." அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மாமியார் கதைகளையும் சொல்லவில்லை. அறை நான் எப்போதும் கேட்டது போலவே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் என்னால் உட்காரவே முடியவில்லை.

எனக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. இனிமேல் நான் எண்ணுகிறேன், நீங்கள் எழுதுங்கள் என்று ஹேமாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தவள், சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. நாற்காலிகளை மாற்றிப் போட்டுக்கொண்டோம். முதல் ஸ்லைடுக்கு ஒரு தொகை சொன்னாள், எழுதினேன். இரண்டாவதற்கும் சொன்னாள். மூன்றாவது ஸ்லைடை வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நகர்த்தினாள், மறுபடி முதலிலிருந்து நகர்த்தினாள். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். எண் போய்விடும் என்பதால் கேட்கவும் இல்லை.

பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"இதுல ஒண்ணும் இல்ல மேடம். ஜீரோ."

இன்னொரு தடவை எண்ணிப் பாரேன் என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் இரண்டு தடவை பார்த்ததை நானும்தான் பார்த்திருந்தேன்.

"எழுதுங்க மேடம்" என்றாள்.

எழுதினேன்.